கோயில் நோட்டீசும் பழைய 'லை'யும்: வெப்சைட்ல தமிழ் ஃபான்டை எப்படி அனுப்புறது

"வெள்ளையா இருக்கே தம்பி, நீ ஒண்ணும் எழுதலையா?"ன்னு கோயில் கமிட்டிப் பெரியவர் போன்ல கேட்டப்ப நான் யாங்கோன்ல, அனவ்ரதா ரோட்டுல ஒரு டீக்கடைல உக்காந்திருந்தேன். பங்குனி உத்திரத்துக்கு நோட்டீஸ் அச்சடிக்கிற செலவு கட்டுப்படி ஆகல, இந்த வருஷம் ஒரே ஒரு பக்கம் வெப்சைட்ல போட்டு லிங்க்கை எல்லாருக்கும் அனுப்பிடலாம்னு கமிட்டில முடிவாச்சு, பக்கத்தைப் பண்ணது நான்தான். என் போன்ல ஜோரா இருந்துச்சு. தமிழ்ல ஒரு அழகான ஃபான்ட், பர்மியத்துக்கு ஒண்ணு, இங்கிலீஷுக்கு ஒண்ணு, தமிழுக்கும் பர்மியத்துக்கும் தடிச்ச எழுத்து தனித்தனியா, ஆக மொத்தம் அஞ்சு ஃபைல். பெரியவர் வீடு தன்லியின் பக்கம் (அவர் இன்னும் சிரியம்னுதான் சொல்வாரு), போன் பழசு, நெட் ஆமை. சாமி படம் வந்துடுச்சு, மஞ்சள் பார்டர் வந்துடுச்சு, எழுத்து இருக்க வேண்டிய இடம் மட்டும் பளிச்னு வெள்ளை.

எழுத்து வராம இல்ல, வந்துடுச்சு. வெறும் எழுத்துதான் முதல்லயே வந்து சேருறது, அது ரொம்ப சின்னது. ஆனா நான் "இந்த ஃபான்ட்லதான் காட்டணும்"னு சொல்லியிருந்ததால பிரவுசர் அந்த ஃபான்ட் ஃபைல் வரட்டும்னு எழுத்தை மறைச்சு வச்சுட்டுக் காத்துக்கிட்டு இருந்துச்சு. குரோம், ஃபயர்ஃபாக்ஸ் எல்லாம் சுமார் 3 விநாடி இப்படிக் காத்திருக்கும், அதுக்குள்ள வரலன்னா போன்லயே இருக்குற எழுத்துல காட்டிடும், ஐபோன்ல பழைய சஃபாரி கணக்கில்லாம காத்துக்கிட்டே இருந்த காலம் உண்டு. 3 விநாடி தானேன்னு தோணும், ஆனா அந்த 3 விநாடி எண்ண ஆரம்பிக்கிறது ஃபான்டைக் கேட்ட பிறகுதான், அதுக்கு முன்னாடி பக்கம் வரணும், ஸ்டைல் ஃபைல் வரணும், ஃபான்ட் எங்க இருக்குன்னு அதுல தேடணும். பெரியவர் அதுக்குள்ள மூடிட்டு எனக்குப் போன் போட்டுட்டாரு.

அன்னிக்கு ராத்திரி உக்காந்து யோசிச்சதுல வந்த முதல் கேள்வி, நான் எதுக்கு ஃபான்டே அனுப்பணும்ங்கறதுதான். இதை யாரும் கேக்குறது இல்ல. எந்த ஃபான்ட் அழகு, எந்த சைட்ல ஃப்ரீயா கிடைக்கும்னுதான் கேப்பாங்க. தமிழ் எழுத்து இன்னிக்கு எல்லா மெஷின்லயும் கூடவே வருது. விண்டோஸ் 2000-லயே லதா வந்துடுச்சு, விண்டோஸ் 8-லருந்து நிர்மலா, ஆப்பிள்ல மலேசியா முத்து நெடுமாறன் பண்ண இணைமதி, தமிழ் சங்கம் எம்என் எல்லாம் இருக்கு, ஆண்ட்ராய்டுல நோட்டோ. யாங்கோன்ல நம்ம ஆளுங்க பத்துல ஒன்பது பேரு ஆண்ட்ராய்டு போன்தான் வச்சிருக்காங்கன்னு என் கண்ணுக்குத் தெரியுது, அதுல நோட்டோ தமிழ் நல்லாவே படிக்க முடியும். அப்ப நான் நோட்டோவையே ஃபான்டா அனுப்புனா, அவங்க வீட்டுல இருக்குற அரிசியையே மூட்டை கட்டி அவங்க காசுலயே அனுப்புற மாதிரி. சிரிக்காதீங்க, நிறைய சைட் இதைத்தான் பண்ணுது.

இங்க டேட்டா காசுங்கறது சும்மா பேச்சு இல்ல. 2014-க்கு முன்னாடி இந்த ஊர்ல ஒரு சிம் கார்டு வாங்குறது நகை வாங்குற மாதிரி. அந்த வருஷம் ஊரிடூ, டெலினார்னு ரெண்டு வெளிநாட்டு போன் கம்பெனி வந்து 1,500 கியாட்டுக்கு சிம் குடுத்தப்புறம்தான் சாதாரண ஆளு கைக்கு நெட் வந்துச்சு, வந்ததே நேரா போன்ல. கம்ப்யூட்டர்னு ஒண்ணு நடுவுல இல்லவே இல்ல. 2021-ல ராணுவம் ஆட்சியைப் பிடிச்சதுக்கு அப்புறம் நெட் இருக்குற நாள் இல்லாத நாள் கரண்ட் இருக்குற நேரம் இல்லாத நேரம்னு ஆகிப்போச்சு, அதைப் பத்தி நான் சொல்ல வேண்டியது இல்ல.

ஆனா ஒரு விஷயம். ஃபான்ட் அனுப்பாம முடியாத காலமும் இருந்துச்சு, அதை மறந்துட்டா ஏன் இன்னிக்கும் இவ்வளவு பேரு ஃபான்ட் ஃபான்ட்னு அலையுறாங்கன்னு புரியாது. 1990-கள்ல தமிழ் சைட் திறந்தா முதல் வரியே "இந்த எழுத்துருவை இறக்கிக்கோங்க"ன்னுதான் இருக்கும். ஒவ்வொரு சைட்டுக்கும் ஒரு ஃபான்ட். உள்ள இருக்குறது தமிழே கிடையாது, இங்கிலீஷ் எழுத்து, அந்த ஃபான்ட்ல இங்கிலீஷ் எழுத்து இருக்க வேண்டிய இடத்துல தமிழ்ப் படம் வரைஞ்சு வச்சிருப்பாங்க, ஃபான்ட் இல்லன்னா குப்பையாத் தெரியும். பாமினி அப்படித்தான். யாழ்ப்பாணத்து ஆளுங்க அதுலதான் ரொம்ப நாள் தட்டுனாங்க, அச்சகங்கள்ல இன்னும் கூட ஓடுது. எந்த இடத்துல எந்த எழுத்துன்னு எல்லாருக்கும் பொதுவா ஒழுங்கு பண்ணலாம்னு டிஸ்கின்னு ஒரு பட்டியல் வந்துச்சு, 1999-ல சென்னைல தமிழ்நெட்99 மாநாட்டுல டாம், டாப்னு ரெண்டு வந்துச்சு, ஆளாளுக்கு ஒண்ணு. உலகத்து எழுத்து ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர் குடுக்குற பொதுப் பட்டியல் யூனிகோட், அதுல தமிழுக்கு 128 கட்டம் ஒதுக்கி 1991-லருந்தே இருந்துச்சு, ஆனா மெஷின்ல சரியாத் தெரிய பல வருஷம் ஆச்சு.

அப்ப ஃபான்டை பக்கத்தோடயே அனுப்பிடலாமேன்னு ரெண்டு கம்பெனி ரெண்டு வழி பண்ணாங்க. 1997-ல இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 4 ஈஓடின்னு ஒரு வகை ஃபைலைக் கொண்டு வந்துச்சு, நெட்ஸ்கேப் 4 வேற ஒரு வகை. இதுல இருக்குறது அதுல தெரியாது. தமிழ் சைட் நடத்துனவங்க ரெண்டையும் பண்ணி வச்சாங்க பாருங்க, அந்தப் பொறுமைக்குக் கோயில் கட்டலாம். வெப் ஃபான்ட்ங்கறது அழகுக்காக வந்ததுன்னு வெள்ளைக்காரங்க எழுதுற வரலாறுல இருக்கும், நமக்கு அது எழுத்து தெரியுறதுக்காகவே தேவைப்பட்ட சமாச்சாரம்.

இந்தக் கூத்தை நாங்க இங்க ரெண்டாவது தடவையும் பார்த்தோம், இந்த தடவை பர்மியத்துல. ஜோஜின்னு ஒரு ஃபான்ட், 2007 வாக்குல பரவ ஆரம்பிச்சுது. பாக்க யூனிகோட் மாதிரியே இருக்கும், அதே பர்மியக் கட்டங்களைத்தான் எடுத்துக்கும், ஆனா உள்ள எழுத்தோட வரிசை கண்ணுக்குத் தெரியுற வரிசை, சொல்ற வரிசை இல்ல, அதுக்கு மேல மோன், கரேன், ஷான் மொழி எழுத்துக்கெல்லாம் போக வேண்டிய கட்டங்களை பர்மிய எழுத்தோட விதவிதமான வடிவத்துக்குப் பிடிச்சு வச்சுக்கிச்சு. ஒரு குறி மேல வர்றதா, கீழ வர்றதா, கொஞ்சம் நகர்ந்து வர்றதா, ஒவ்வொண்ணுக்கும் ஒரு கட்டம். மெஷின் அடுக்கத் தெரியாத காலத்துல அது வேலை செஞ்சுது, அதனாலதான் ஊரே பிடிச்சுக்கிச்சு, குத்தம் சொல்ல முடியாது. ஆனா 2008-ல யூனிகோட் 5.1 வந்து பர்மியத்துக்கு ஒழுங்கு ஏற்பட்ட பிறகும் போன் கடைல போன் வாங்குனா ஜோஜி போட்டுத்தான் குடுத்தாங்க. ஒரே மெசேஜ் ஒருத்தன் போன்ல எழுத்து, இன்னொருத்தன் போன்ல கோலம். அரசாங்கமே 2019 அக்டோபர் 1-ந் தேதி யூனிகோடுக்கு மாறணும்னு நாள் குறிச்சுது, ஃபேஸ்புக் ரெண்டையும் மாத்திக் காட்டுற வசதி போட்டுச்சு, கூகுள் இது ஜோஜியா யூனிகோடான்னு கண்டுபிடிக்கிற கருவியை எல்லாருக்கும் திறந்து விட்டுச்சு.

இதுலருந்து எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். எழுத்து வேற, அதோட உருவம் வேற. எந்த வழில எழுத்து எழுத்தாவே இருந்து உருவத்தை மட்டும் ஃபான்ட் பாத்துக்குதோ அந்த வழி எவ்வளவு ஃபைல் சைஸ் ஆனாலும் மலிவு, எந்த வழில உருவத்துக்காக எழுத்தையே மாத்துறோமோ அது பத்து வருஷம் கழிச்சு வட்டியோட வாங்கும். ஃபான்ட் காட்டுற வழி எல்லாத்தையும் நான் இந்த ஒரு தராசுல போட்டுத்தான் பாக்குறேன்.

படமாப் போட்டுடலாம்ங்கறது முதல் யோசனை, கமிட்டில ஒருத்தர் உடனே சொன்னாரு. தலைப்பை டிசைனர்கிட்ட குடுத்து ஜேபெக் வாங்கி ஒட்டிடலாம். பண்ணலாம், ஆனா தேடுனா வராது, காப்பி எடுக்க முடியாது, கண் தெரியாதவங்களுக்கு வாசிச்சுக் காட்டுற சாஃப்ட்வேருக்கு அது வெறும் படம், தேதி மாறுனா டிசைனர் வீட்டு வாசல்ல நிக்கணும். இடைல ஒரு காலத்துல சிஃபர்னு ஒண்ணு ஃபிளாஷ் வச்சு எழுத்து காட்டுச்சு, ஃபிளாஷே 2020 கடைசியோட செத்துப்போச்சு. 2009 வாக்குல குஃபோன்னு ஒண்ணு வந்து எல்லாரும் கொண்டாடுனாங்க, ஃபான்டுல இருக்குற ஒவ்வொரு உருவத்தையும் ஜாவாஸ்கிரிப்டா மாத்தி ஸ்கிரீன்ல வரைஞ்சுடும். இங்கிலீஷுக்குப் பிரமாதம். தமிழைக் குடுத்தா கொம்பு எழுத்துக்குப் பின்னாடி போய் நிக்கும், 'கெ'ன்னு எழுதுனா க முன்னாடி, கொம்பு பின்னாடி. ஏன்னா நம்ம எழுத்துல சேமிக்கிற வரிசையும் காட்டுற வரிசையும் ஒண்ணு இல்ல, நடுவுல ஒருத்தன் இருந்து கொம்பை இழுத்து முன்னாடி வைக்கணும், 'கொ'ன்னா ஒரு குறியை ரெண்டா வெட்டி ரெண்டு பக்கமும் வைக்கணும், 'கு' 'டு' 'ணு'வுக்கெல்லாம் உருவத்தையே மாத்தணும். அந்த ஆளு பேரு ஷேப்பர். குஃபோன் அந்த ஆளைக் கூப்பிடாமலே வேலையை முடிக்கப் பார்த்துச்சு.

அப்புறம்தான் நிஜமான வெப் ஃபான்ட். பக்கத்தோட தோற்றத்தைச் சொல்ற அந்த ஸ்டைல் ஃபைல்ல, அதாவது சிஎஸ்எஸ்ல, ஃபான்ட்-ஃபேஸ்னு எழுதி ஃபைல் இங்க இருக்குன்னு காட்டுறது. 1998-லயே விதி எழுதுனாங்க, நடுவுல தூக்கிட்டாங்க, 2008-ல சஃபாரி, 2009-ல ஃபயர்ஃபாக்ஸ் கம்ப்யூட்டர்ல போடுற சாதாரண டிடிஎஃப் ஃபான்ட் ஃபைலையே எடுத்துக்க ஆரம்பிச்சப்புறம்தான் உயிர் வந்துச்சு. அந்த ஃபைலை வெப்புக்குன்னு சுருக்கி மடிச்சது வாஃப். அதைப் பண்ண மூணு பேருல ஜோனாதன் கியூ ஒருத்தரு, அதுக்கு முன்னாடி எஸ்ஐஎல்-ங்கற மொழி ஆராய்ச்சி அமைப்புல இருந்தவரு, பர்மிய யூனிகோடுக்கு இங்க ரொம்ப பேரு பயன்படுத்துன படௌக் ஃபான்டும் அந்த எஸ்ஐஎல்-லருந்து வந்ததுதான், உலகம் சின்னது. வாஃப் 2012-ல தரமாச்சு, 2018-ல வாஃப்2. இது ப்ராட்லிங்கற சுருக்குற முறையை வச்சு வாஃபை விட சராசரியா 30 சதவீதம் சின்னதாகுது (ப்ராட்லின்னா சுவிட்சர்லாந்துல ஒரு குட்டி பன்னாம்). இன்னிக்கு வாஃப்2 ஒண்ணு மட்டும் போதும். ஈஓடி, டிடிஎஃப், எஸ்விஜின்னு அஞ்சு வரி எழுதி வைக்கிற பழைய பழக்கம் இன்னும் காப்பி ஆகிக்கிட்டே இருக்கு, தூக்கிடுங்க.

சரி, கோயில் பக்கத்துக்கு வரேன். நோட்டீஸ் உள்ள இருக்குற விவரம் எல்லாத்துக்கும் ஃபான்டை எடுத்துட்டேன், போன்ல இருக்குறதே போதும்னு. பக்கம் ஒரு நொடில திறந்துச்சு. பெரியவருக்குக் காட்டுனேன், படிச்சாரு, அப்புறம் மெதுவா, "தலைப்பு மட்டும் நம்ம கோயில் போர்டுல இருக்குற எழுத்துல வரணும் தம்பி"ன்னாரு. கோயில் போர்டுல இருக்குறது பழைய எழுத்து. 'லை'க்கு முன்னாடி ரெட்டைச் சுழி கிடையாது, யானைத் தும்பிக்கை மாதிரி மேல வளைஞ்சு ஒட்டி வரும். 'னை', 'ளை', 'ணை'யும் அப்படி, 'ணா', 'றா', 'னா'வுக்குக் கால் தனியா நிக்காது. பெரியார் 1935-லருந்து தன் பத்திரிகைல புது எழுத்து போட்டாரு, தமிழ்நாட்டு அரசாங்கம் 1978-ல எம்ஜிஆர் காலத்துல 13 எழுத்தை மாத்தி உத்தரவு போட்டுச்சு. இவர் படிச்சது அதுக்கெல்லாம் முன்னாடி, இங்க தமிழ்ப் பள்ளிக்கூடம் இருந்த காலத்துல, 1960-கள்ல பள்ளிக்கூடமெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கறதுக்கு முன்னாடி. அவருக்கு எழுத்துன்னா அதுதான். ஞாயித்துக்கிழமை கோயில் வகுப்புல பிள்ளைங்க படிக்கிறது புது எழுத்து, அதனால உள்ள இருக்குற விவரம் புதுசுல, தலைப்பு மட்டும் பழசுல. எனக்கும் அது நியாயமாப் பட்டுச்சு.

இதுல அழகு என்னன்னா யூனிகோட்ல பழைய லைக்குத் தனிக் கட்டம் கிடையாது. பழசோ புதுசோ ல-வும் ஐகாரக் குறியும் தான். வித்தியாசம் முழுக்க ஃபான்டுல. அதனால திறந்த லைசென்ஸ்ல இருக்குற ஒரு தமிழ் ஃபான்டை எடுத்து (மாத்திக்கலாம், பேரை மட்டும் மாத்தணும்ங்கற மாதிரி லைசென்ஸ்), ஃபான்ட்ஃபோர்ஜ்ங்கற ஃபான்ட் வரையுற சாஃப்ட்வேர்ல போர்டு போட்டோவைப் பின்னாடி வச்சு அந்த வடிவத்தை வரைஞ்சேன். வரையறது ஒரு சாயங்காலம். விதி எழுதுறதுதான் ரெண்டு நாள் தின்னுச்சு. "ல வந்து அடுத்து ஐகாரம் வந்தா ரெண்டையும் எடுத்துட்டு இந்த உருவத்தைப் போடு"ன்னு விதி எழுதுனேன். ஒண்ணும் நடக்கல. ஸ்பெல்லிங் பாத்தேன், ஃபைலைத் திரும்பத் திரும்பப் பண்ணேன், அதே புது லை. அப்புறம்தான் மண்டைல உறைச்சுது, ஷேப்பர் என் விதியைப் படிக்கிறதுக்கு முன்னாடியே குறியைத் தூக்கி முன்னாடி வச்சுட்டான், அவன் பார்வைல இப்ப வரிசை ஐகாரம், ல. விதியைத் திருப்பி எழுதி, முன்னாடி வர்ற குறிகளுக்குன்னு இருக்குற ப்ரெஸ்ங்கற பகுதில போட்டதும் தும்பிக்கை வந்துடுச்சு. ணா, றா, னாவுக்கு இந்த சிக்கல் இல்ல, கால் பின்னாடிதான் வருது, அதுக்கு வேற பகுதி. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாத்துலயும் இந்த ஷேப்பர் வேலை பண்றது ஹார்ஃப்பஸ்ங்கற ஒரே சாஃப்ட்வேர், அதனால ஒண்ணுல வந்தா மத்ததுலயும் வந்துடுது.

ஃபான்ட் ரெடி, ஆனா முழு ஃபைலையும் அனுப்பத் தேவையில்ல, தலைப்புல இருக்குறது இருபது முப்பது எழுத்து. தேவையான எழுத்தை மட்டும் வெட்டி எடுக்குறதுக்கு சப்செட் பண்றதுன்னு பேரு. தமிழ்ல இங்கதான் எல்லாரும் வழுக்கி விழறது. நான் முதல்ல ஒரு ஆன்லைன் கன்வெர்ட்டர்ல போட்டேன், ஃபைல் ரொம்ப சின்னதா வந்துச்சு, சந்தோஷப்பட்டேன், திறந்து பாத்தா பழைய லை காணோம், 'கு' எல்லாம் க-வும் பக்கத்துல ஒரு கொக்கியுமா நிக்குது. அது எழுத்தை எண்ணி எடுத்துட்டு விதி அட்டவணையைக் குப்பைல போட்டுடுச்சு. இங்கிலீஷ் ஃபான்டுக்கு அந்த அட்டவணை போனாலும் எழுத்து எழுத்தாவே இருக்கும், தமிழுக்கு அது போனா எழுத்தே போச்சு. ஃபான்ட்டூல்ஸ்னு பைத்தான்ல ஒரு தொகுப்பு இருக்கு, அதுல இருக்குற சப்செட் கருவி புத்திசாலி, க-வையும் உகரக் குறியையும் குடுத்தா அது ரெண்டும் சேர்ந்து உண்டாகக்கூடிய கு-வையும் தானாவே கூட எடுத்துக்கும், விதியையும் வச்சுக்கும், வாஃப்2-ஆவும் குடுத்துடும். ரெண்டு எழுத்து ஒட்டிக்காம நடுவுல நிக்கிற, கண்ணுக்குத் தெரியாத ஜீரோ-வித் நான்-ஜாய்னர் எழுத்தையும் பட்டியல்ல சேத்துக்கோங்க, க்-ஷ தனித்தனியா வரணும்னு சில பேரு அதைப் போட்டுத் தட்டியிருப்பாங்க, அது ஃபான்டுல இல்லன்னா சில இடத்துல அந்த ஒரு எழுத்துக்கு மட்டும் வேற ஃபான்ட் வந்து நடு வார்த்தைல ஒட்டுப் போட்ட மாதிரி ஆகும். ஸ்ரீ-யும் அப்படித்தான், பழைய ஸ-ல தட்டுன ஸ்ரீ, 2005-ல யூனிகோட்ல சேந்த ஶ-ல தட்டுன ஸ்ரீன்னு ரெண்டு இருக்கு, பாக்க ஒண்ணு போலவே இருக்கும், கோயில் பேருல ஸ்ரீ இல்லாம இருக்குமா, ரெண்டையும் எடுத்துக்கிட்டேன்.

ஃபான்டை எங்க வைக்கிறது? கூகுள் ஃபான்ட்ஸ்ல வச்சா நல்லது, வேற சைட்ல ஏற்கனவே இறங்கியிருக்கும், நம்ம சைட்ல திரும்ப இறக்க வேண்டாம்னு பல வருஷமா ஒரு சாஸ்திரம் சொன்னாங்க, நானும் ஊருக்கெல்லாம் சொன்னேன். அது இப்ப பொய். ஒரு சைட்ல இறக்கி வச்சதை இன்னொரு சைட்டுக்குக் குடுத்தா அதை வச்சு நீங்க எங்கெல்லாம் போனீங்கன்னு மோப்பம் பிடிக்க முடியுதுன்னு பிரவுசருங்க ஒவ்வொரு சைட்டுக்கும் தனித்தனி அலமாரி வச்சுடுச்சுங்க, சஃபாரி ரொம்ப முன்னாடியே, குரோம் 2020 அக்டோபர்ல, ஃபயர்ஃபாக்ஸ் 2021 ஜனவரில. இப்ப கூகுள்ல வச்சா மிச்சம் எதுவும் இல்ல, கூடுதலா ரெண்டு வெளி அட்ரஸுக்குப் போகணும், ஸ்டைல் ஒரு இடத்துல, ஃபைல் இன்னொரு இடத்துல. ஐரோப்பால இதுக்குக் கேசே நடந்துச்சு, 2022 ஜனவரில மியூனிக் கோர்ட்டு ஒருத்தரோட ஐபி அட்ரஸ் அவர் சம்மதம் இல்லாம கூகுளுக்குப் போனதுக்கு 100 யூரோ குடுக்கச் சொல்லுச்சு. நம்ம ஊருக்குக் காரணம் அதை விடச் சின்னது, எந்த வெளி அட்ரஸ் எந்த நாள் திறக்கும்னு இங்க யாரு கண்டா. பக்கம் இருக்குற சர்வர்லயே ஃபான்டையும் வச்சேன், பக்கம் வந்தா ஃபான்டும் வரும். அதுக்காக ஃபான்டை பேஸ்64-ங்கற வெறும் எழுத்து வடிவமாக்கி ஸ்டைல் ஃபைலுக்குள்ளயே திணிக்கிற வேலையும் வேண்டாம், மூணுல ஒரு பங்கு வீங்கிடும், அதுக்கு மேல அது முழுசா வர்ற வரைக்கும் பக்கமே நிக்கும்.

கடைசியா அந்த வெள்ளைப் பிரச்சினை. சிஎஸ்எஸ்ல ஃபான்ட்-டிஸ்ப்ளேன்னு ஒரு வரி இருக்கு, அதை நான் எழுதவே இல்ல, எழுதலன்னா பிரவுசர் தன் இஷ்டத்துக்குப் பண்ணும், அதுதான் மறைச்சு வைக்கிறது. ஸ்வாப்னு போட்டா உடனே போன் எழுத்துல காட்டிட்டு ஃபான்ட் எப்ப வந்தாலும் மாத்திக்கும். ஆப்ஷனல்னு போட்டா பத்துல ஒரு பங்கு விநாடி பாக்கும், வரலன்னா இந்தத் தடவை விட்டுடும், வந்த ஃபைலை அடுத்த தடவைக்கு வச்சுக்கும். நெட் மோசமான ஊர்ல விவரத்துக்கெல்லாம் ஃபான்ட் போட்டே தீருவேன்னா ஆப்ஷனல்தான் என் ஓட்டு, ஏன்னா படிச்சுக்கிட்டு இருக்கும்போது நடுவுல எழுத்து மாறி வரியெல்லாம் துள்ளி விரல் வச்ச இடம் தவறிப் போறது பெரிய எரிச்சல். தமிழ்ல இந்தத் துள்ளல் ஜாஸ்தி, ஒரு ஃபான்டுக்கும் இன்னொண்ணுக்கும் அகலம் அவ்வளவு மாறும். சைஸ்-அட்ஜஸ்ட்னு ஒண்ணு வச்சு போன் எழுத்தைக் கொஞ்சம் பெருக்கியோ சுருக்கியோ துள்ளலைக் குறைக்கலாம், அது பொறுமையா உக்காந்து கண்ணால பாத்துப் பண்ற வேலை. தலைப்புக்கு நான் ஸ்வாப் போட்டேன். பெரியவர் போன்ல முதல்ல புது லை தெரியும், ரெண்டு மூணு விநாடில பழைய லை வந்து உக்காந்துக்கும். வரவே இல்லன்னாலும் படிக்க முடியும், அவ்வளவுதானே.

தடிச்ச எழுத்துக்கு ரெண்டாவது ஃபைல் அனுப்பல. சாய்ஞ்ச எழுத்தைப் பத்திப் பேச்சே வேண்டாம், தமிழுக்கு அப்படி ஒரு மரபே இல்ல, பிரவுசர் நேர் எழுத்தையே தள்ளிச் சாய்ச்சுக் காட்டும், பாக்கவே குடிகாரன் மாதிரி. அந்த சாய்க்கிற வேலையை நிறுத்த ஃபான்ட்-சிந்தசிஸ்னு ஒரு வரி இருக்கு.

பர்மியப் பகுதிக்கும் ஃபான்ட் போடல, ஆனா கொஞ்சம் யோசிச்சேன். 2019-க்கு முன்னாடின்னா கண்ணை மூடிக்கிட்டு போட்டிருப்பேன், போன்ல ஜோஜி இருந்தா யூனிகோட் பர்மியம் கோலமாயிடும், ஃபான்ட் அனுப்புனாத்தான் பொழைக்கும். இப்ப பழைய போன் வச்சிருக்குறவங்க ஒண்ணு ரெண்டு பேருக்காக ஃபைலை மட்டும் வச்சு யூனிகோட்-ரேஞ்ச்ல பர்மியக் கட்டத்தைக் குறிச்சு வைக்கலாமான்னு பாத்தேன். அந்த வரி இருந்தா பக்கத்துல பர்மிய எழுத்து இருந்தாத்தான் பிரவுசர் ஃபைலையே கேக்கும், தமிழ்ப் பக்கம் மட்டும் திறக்குறவங்களுக்குச் செலவு இல்ல. ஆனா எங்க பக்கத்துல எல்லாருக்கும் ரெண்டும் ஒரே பக்கத்துல, அதனால பிரயோஜனம் இல்ல, பிரிச்சு ரெண்டு பக்கமாப் போட்டாத்தான். வரி இடைவெளியை மட்டும் பர்மியத்துக்கு 1.9 வச்சேன், ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குற எழுத்துக்கு அது இல்லன்னா கீழ் வரி மேல் வரியோட முட்டும். தமிழுக்கு 1.6 போதும்.

புதுப் பக்கத்தைத் திரும்ப அனுப்பினேன். பெரியவர் திறந்து பாத்துட்டு, தலைப்பைப் பத்தி ஒண்ணும் சொல்லல, அன்னதானம் எத்தனை மணிக்குன்னு போடலையேன்னாரு. அது தமிழ்ல போட்டாச்சு, பர்மியத்துல அச்சகத்துலருந்து வர வேண்டியிருந்துச்சு. ராத்திரி எட்டு மணிக்கு வந்துச்சு, திறந்தா ஜோஜி. கரண்ட் பத்து மணிக்குப் போகும், அதுக்குள்ள மாத்தி ஏத்தணும்.